ரயிலக்கா கடைசியாக வந்த நாள்

ரயிலக்காவின் முட்டி போனது ஓடியதால் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் யாரைக் கேட்டாலும், இந்த வயசில் ஓட்டம் ஓட்டம் என்று திரிந்தால் வேறென்ன ஆகும் என்றுதான் கதையை ஆரம்பிப்பார்கள். ஒரு பெரிய ஓட்டலின் லாண்டரியில் அவள் மேற்பார்வையாளர். ஈரமான படுக்கைவிரிப்புகள் குவிந்த தள்ளுவண்டியைத் திருப்பும்போது, சோப்புத் தண்ணீர் சிந்திக் கிடந்த தரையில் செருப்பு வழுக்கியது. உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது. ஆனால் சோறு போடும் வேலையை யாராவது குறை சொல்வார்களா? பழியைத் தூக்கி ஓட்டத்தின் தலையில் போட்டுவிட்டார்கள்.

அதற்கு முன்பு அவள் எப்படி ஓடினாள் என்பதற்கு அந்தப் பட்டப்பெயரே சாட்சி. ஏரியைச் சுற்றிக் காலையில் ஓடும் கூட்டம் ஒன்று உண்டு. அதில் அவள்தான் முன்னால் போவாள். யாருக்காகவும் நிற்க மாட்டாள், யாராவது குறுக்கே வந்தால் ஒதுங்கவும் மாட்டாள். வாயும் அப்படித்தான், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. மெதுவாக ஓடுகிறவர்களைப் பார்த்து, "ஏரிய அளக்க வந்தீங்களா, ஓட வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பறந்துவிடுவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அவளைத் திருப்பித் திட்டுவதற்கென்றே சிலர் வேகமாக ஓடப் பழகினார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அதைப் போட்டதும் அவள்தான். ஒருநாள் எல்லோரும் ஓடி முடித்து அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் மட்டும் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, அக்கரையில் வெயில் உச்சிக்கு வரும்வரை தனியாக உட்கார்ந்திருந்தார். மறுநாள் ரயிலக்கா ஓர் இடுப்புப்பை கொண்டுவந்தாள். ஓடுவதற்கு முன் எல்லோருடைய வண்டிச் சாவியும் அதற்குள் போய்விட வேண்டும். யார் மிக மெதுவோ அவர் அதைக் கட்டிக்கொண்டு கடைசியில் வர வேண்டும். அவர் வந்து சேரும்வரை ஒருவரும் வண்டியை எடுக்க முடியாது. அப்புறம் எப்படி ஆளை விட்டுவிட்டுப் போவீர்கள், பார்க்கலாம் என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பல மாதம் வீடுதான். முதலில் வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு பிசியோதெரபி. எல்லோரும் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் குரலை உயர்த்துவதையே விட்டுவிட்டார். வேலைக்குத் திரும்பியதும் லாண்டரியில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். பார்க்க வந்த ஓட்டக்காரர்கள் எல்லாம் அவளைக் கண்ணாடிச் சாமானைப் போல நடத்தினார்கள். வாடி போடி என்று பேசிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர்கூட, "பாத்து உக்காருங்க" என்றாள்.

முட்டிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. கத்தி பட்ட இடம், உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ரயிலக்கா தலையாட்டினாள். தோல் மட்டும் என்றால் பரவாயில்லை. மனசும் அப்படித்தான் கிடந்தது, அதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது? மகளுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்து வீடே துள்ளிக் குதித்த அன்று, இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமா அம்மா என்று மகள் கேட்டதற்கு, சந்தோஷம்தான் என்று ஆஜர் சொல்கிற மாதிரி சொன்னாள். அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. லாண்டரியில் யாரோ ஒரு பெண் நல்ல விரிப்பை இஸ்திரி மெஷினில் கொடுத்துக் கருக்கிவிட்டபோது, வேறொன்றை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். பழைய ரயிலக்காவாக இருந்திருந்தால் அந்தக் கட்டடமே அதிர்ந்திருக்கும்.

ஓட ஆரம்பித்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தாள், சொன்ன பயிற்சியெல்லாம் செய்தாள். டாக்டர் ஒருவழியாகச் சரி என்றதும் ஏரிக்குப் போனாள். ஓடினாள். கால் போனது, மூச்சு வாங்கியது, வியர்த்தது. அவ்வளவுதான். வேறு யாரோ ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தது போல இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நாலைந்து வாரம் இப்படியே கடனே என்று ஓடினாள். ஒரு சாயங்காலம் கணவரிடம், "இந்த மாசம் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா விட்டுடறேன்," என்றாள். அவர் நிம்மதியை மறைக்கத் தெரியாத மனிதர். "உன் இஷ்டம்" என்று அவர் சொன்ன வேகத்திலேயே தெரிந்துவிட்டது. ஓட்டத்தையும் விட்டுவிட்டால் அப்புறம் எதை வைத்துத் தன்னை எழுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயந்திருக்க வேண்டிய விஷயம். அவளுக்குப் பயமும் வரவில்லை.

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தாள். அவ்வளவு மெதுவாக ஓடியும் அவள் ஒருநாள்கூடக் கடைசியாக வரவில்லை. ஒருநாள் கூட்டத்திலிருந்த மருந்துக்கடைக்காரருக்கு இடுப்புப் பிடிப்பு, ஒருநாள் இன்னொருவருக்கு ஷூ கடிக்கிறது. ஆள்மாற்றி ஆள் பையைக் கட்டிக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்தார்கள். ஒரு காலை, தண்ணீர் இறைக்கும் மோட்டார் அறையைத் தாண்டியதும் ஷூ நாடாவைக் கட்ட நின்று தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். முன்னாலேயே போய்விட்ட மருந்துக்கடைக்காரர், அந்த அறைச் சுவரோடு சுவராகத் தொப்பையை எக்கிக்கொண்டு ஒளிந்திருந்தார். அவள் கடந்து போவதற்காகக் காத்திருந்தாராம்! கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிந்தார். எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு செய்வதுதான் என்று ஒப்புக்கொண்டார். நல்ல மனசோடு செய்த முட்டாள்தனம். எப்பேர்ப்பட்ட ரயில், அவள் போய்ப் பையைச் சுமப்பதா என்று பொறுக்காமல் செய்திருக்கிறார்கள்.

அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மறுநாள் முதல் ஆளாகப் போய்ப் பையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாவிகளைப் போட்டார்கள். கணக்கு டீச்சர் சாவியைப் போடும்போது, இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, தான் போய்த்தான் வினாத்தாள் கட்டைப் பிரிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னாள்.

எல்லோரும் போய்விட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பாதையில் அவள் தனியாக ஓடியது அன்றுதான். சாவிகள் இடுப்பில் குலுங்கின. அக்கரை மதகு வந்தது. முட்டி வலிக்கவில்லை, மூச்சும் முட்டவில்லை. ஆனாலும் நின்றாள். மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் எல்லோரும் தனக்காகக் காத்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். டீச்சரின் பரீட்சையை நினைத்தாள். மருந்துக்கடையின் பூட்டிய ஷட்டரையும் அதன் முன்னால் நிற்கும் ஆட்களையும் நினைத்தாள். கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்க்கிற மாதிரிதான். நெஞ்சு கொஞ்சமாவது பதறும் என்று பார்த்தாள், பதறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். தண்ணீரில் வெயில் நன்றாக ஏறிவிட்டது.

பிறகு எழுந்து, ஓடியும் ஓடாமலும் வந்தாள். பாதி வழியில் மருந்துக்கடைக்காரர் எதிரே பதறிக்கொண்டு வந்தார். வலிக்கிறதா, பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வலியெல்லாம் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றாள். அவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. வண்டி நிறுத்தத்துக்குப் போனதும், "பாவம், கால் வலிச்சு உக்காந்துட்டாங்க," என்று அவராகவே எல்லோரிடமும் பூசி மெழுகினார்.

"வலிக்கல. சும்மாதான் உக்காந்திருந்தேன்," என்றாள் ரயிலக்கா.

டீச்சர் வெடித்தாள்.

"சும்மா உக்காந்திருந்தியா? அங்க நாப்பது பிள்ளைங்க பேனாவ பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குங்க. இங்க நான் நடுத்தெருவுல நிக்கிறேன். நீ ஏரிய வேடிக்கை பாத்துட்டு வர்றியா?"

கால் ஆபரேஷன் ஆனவங்க என்று மருந்துக்கடைக்காரர் நடுவில் புகுந்தார்.

"கால்லதான பண்ணாங்க? அறிவு எங்க போச்சு? என்னடி நினைச்சுக்கிட்டிருக்க உன் மனசுல? மெதுவா வா, தவழ்ந்துகூட வா, நிக்கிறேன். வேணும்னே உக்காந்துட்டு வந்தா பல்ல உடைச்சிடுவேன்."

ரயிலக்காவுக்கு முகம் சுட்டது. முதலில் கோபம் வந்தது, இத்தனை பேர் முன்னால் இவள் இப்படிப் பேசலாமா என்று. அந்தக் கோபம் தன்னுடையதுதான் என்று தெரிவதற்குள் வெட்கம் வந்துவிட்டது. பேனாவோடு காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தாள், இப்போது பதறியது. அப்புறம் அழுகை. ஆபரேஷன் மேஜையில் வராதது, மகளின் கல்லூரிச் செய்திக்கு வராதது, அந்த வண்டி நிறுத்தத்தில், அத்தனை பேர் பார்க்க, மூக்கு ஒழுக வந்தது. நிறுத்த முடியவில்லை. அவளைத் தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை.

டீச்சர் மட்டும் அசையவில்லை. பையைப் பிடுங்கித் துழாவித் தன் சாவியை எடுத்தாள். அழுதால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டபடியே ஸ்கூட்டரில் ஏறினாள்.

"நாளைக்கும் நான்தான்டி கடைசி," என்றாள் ரயிலக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வா. வந்து பாரு. இருக்கு உனக்கு."

ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போனது. ரயிலக்காவுக்கு மறுநாள் எப்போது விடியும் என்று இருந்தது.