கண்ணில் படுகிற சட்டை

துணியின் ஒரு பக்கம் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மறுபக்கம் வாயைப் பொருத்தி ஊதினார் அமிர்தவல்லி. கையில் காற்று படவில்லை. துணியைச் சுருட்டி விற்பனைப் பெண்ணின் பக்கம் தள்ளிவிட்டார்.

"காட்டன்தான் மதாம், ப்ரீமியம் பிளெண்டு," என்றாள் தேவிப்பிரியா.

"பிளெண்டுன்னா இன்னா? பாதி பிளாஸ்டிக்கு. வெயில்ல நாள் முழுக்க மான் பின்னாடி அலையறவன் இதப் போட்டா உள்ளயே வெந்துடுவான்."

பக்கத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மான் என்ற சொல்லுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். அமிர்தவல்லி அவர்களையும் முறைத்தார். ஆரஞ்சு நிறத்தில் நல்ல பருத்தி வேண்டும் என்று அவர் கேட்டதற்கு அந்தப் பெண் முதலில் எடுத்துப் போட்டது காவித் துணி. மலைக்கு மாலை போட்டவருக்கா என்று வேறு கேட்டுவிட்டாள். இந்தக் காவி மண்ணோடு மண்ணாய்ப் போய்விடும், ரோட்டு வேலைக்காரர் போடுவதுபோல் கண்ணைக் குத்த வேண்டும் என்று அமிர்தவல்லி விளக்கினார். கண்ணைக் குத்தும் துணியெல்லாம் பாலியஸ்டராக இருந்தது. பருத்தியாக இருந்ததெல்லாம் சாதுவாக இருந்தது. காந்தி வீதியில் அன்றைக்கு அது அவருக்கு மூன்றாவது கடை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் வீடு கட்டி, அதில் அதிக நாள் இருக்காமல் இறந்துபோனவர். அவரிடமிருந்து இவருக்கு ஒட்டிக்கொண்டது 'அலோர்' என்ற ஒரு சொல். 'சரி, அப்புறம்?' என்பதுபோலத்தான் அதற்குப் பொருள். கோபம் வந்தால் அமிர்தவல்லி கத்துவதில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்து, "அலோர்" என்பார். அதைக் கேட்டதும் தெருவில் காய் விற்பவர் சொத்தைக் கத்தரிக்காயைத் தானே பொறுக்கி வெளியே போட்டுவிடுவார். எதிர்த்திசையில் பைக் ஓட்டி வருகிறவர்களின் முன்னால் போய் நின்றுகொள்வதும் அவர் பழக்கம். வண்டி திரும்பிப் போகிறவரை நகரமாட்டார். ஒருமுறை காவல்துறை வண்டியே அப்படித் திரும்பிப் போயிருக்கிறது.

ஒரே மகன் இளம்பரிதி. அப்பாவைப்போலப் பட்டாளத்துக்குப் போய், ஆஸ்திரேலியாவுக்கும் அப்பால் கடலில் கிடக்கும் நியூ கலிடோனியா தீவில் குடியேறிவிட்டான். பிரான்சுக்குச் சொந்தமான அந்தத் தீவில் மான்கள் பெருகிப்போய்த் தோட்டங்களை மேய்கின்றன; வேட்டைக்குத் தடை இல்லை. விடுமுறை நாளானால் துப்பாக்கியோடு புல்வெளிக்குக் கிளம்பிவிடுவான். ஊருக்கு வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் அவன், வருடம் தவறாமல் அம்மாவிடம் கேட்பது வேட்டைச் சட்டை மட்டும்தான். அந்தப் புழுக்கத்துக்கு நம் ஊர்ப் பருத்தியைப்போல வராதாம்.

அவன் போனில் புலம்பிய ஒவ்வொன்றும் சட்டையில் ஒரு மாற்றமாயிற்று. முள் கிழிப்பதால் முழுக்கை. வேர்க்கும்போது சுருட்டிவிட, கையின் உள்ளே ஒரு பட்டையும் பொத்தானும். பை திறந்திருந்தால் செடி இழுக்கிறது என்றான். பைக்கு மூடி வைத்தாயிற்று. துப்பாக்கியைத் தோளில் அணைக்கும் இடத்தில் தையல் உறுத்துகிறது என்றான். அந்தத் தையலைப் பின்னால் தள்ளியாயிற்று. கழுத்தில் வெயில் படாமல் தூக்கி நிறுத்தக் காலர், அக்குளுக்குக் கீழே காற்றுப் போக ஓட்டை. சட்டை உடம்பை ஒட்டாமல் தொளதொளவென்று இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூலக்குளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரர் தட்சிணாமூர்த்தியின் தலைக்கு மேல் நின்று அமிர்தவல்லியே தைக்க வைப்பார்.

போன வருடம் மகன் நிறமும் கேட்டான். காய்ந்த புல்லின் படம் ஒன்றை அனுப்பி, அதே நிறம் வேண்டும், மான் கண்ணில் படக் கூடாது என்றான். அமிர்தவல்லி போனைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் கிடைத்த துணி, படத்தின்மேல் வைத்தால் எது புல் எது துணி என்று தெரியாதபடி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தானே காபி போட்டுக் குடித்துவிட்டு, அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

சட்டை போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு வீடியோ அழைப்பில் இளம்பரிதி இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டதற்குச் சுளுக்கு என்றான். அமிர்தவல்லி அதை நம்பவில்லை. மருமகள் சுமலதாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். கூடப்போன நண்பன், புல் அசைகிறது, மான்தான் என்று நினைத்துச் சுட்டிருக்கிறான். குண்டு வலது புயத்தைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு மேலங்கி போட வேண்டும் என்றுதான் அங்கே சொல்கிறார்களாம். மானுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரியாது, மனிதனுக்குத்தான் தெரியும். இளம்பரிதி அதைக் காரிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மகனிடம் கேட்டார். அவன் சிரித்தான். "அந்த வெஸ்ட்டு பிளாஸ்டிக்குமா. வெக்கையில எவன் போடுவான்? அவனுக்கு நான் இருக்கறதே தெரியல. நீ எடுத்த துணி அவ்ளோ கரெக்டு."

அமிர்தவல்லி போனை வைத்துவிட்டார். அதன்பிறகு பல வாரம் அவன் அழைப்பை எடுக்கவில்லை. சுட்டவன்மேல் கோபம், மறைத்தவன்மேல் கோபம், மானின்மேல்கூடக் கோபம். துணிக்கடை வாசலைக் கடக்கும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார். பிறகு எடுக்கத் தொடங்கியும், தழும்பைக் காட்டுகிறேன், சின்னதுதான் என்று அவன் இரண்டு முறை சொன்னபோதும் அழைப்பைத் துண்டித்தார்.

இந்த வருடமும் அதே சட்டை, அதே நிறம் என்று செய்தி வந்தது. "அலோர்," என்றார் அமிர்தவல்லி, ஆளில்லாத கூடத்தில். மேலங்கி புழுக்கம் என்றால், மேலங்கியே வேண்டாம். சட்டையே ஆரஞ்சாக இருக்கட்டும்.

மூன்று கடையிலும் கிடைக்காத அந்தத் துணி, சேலைக்கு உள்பாவாடை தைக்கும் பாப்ளினில் கிடைத்தது. எல்லாப் பளிச் நிறமும் அதில் உண்டு, சுத்தப் பருத்தி, ஊதிப் பார்த்ததில் கையில் காற்றும் பட்டது. துவைத்தால் சாயம் போகிறதா என்று நனைத்துப் பார்த்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டுப் பார்த்து, தட்சிணாமூர்த்தியிடம் கொடுத்தார். பாவாடைத் துணியா என்று மகன் போனில் கூசியபோது, பிணத்துக்கு எந்தத் துணியானால் என்ன என்று கேட்டுவிட்டார். அவன் போனை வைத்துவிட்டான். ஆனால் தையல்காரரின் எண் அவனிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைகளை வாங்கப் போனார். தட்சிணாமூர்த்தி மடித்து நீட்டியது காய்ந்த புல் நிறம். போன வருடம் மிச்சமான துணியில் தைத்திருந்தார். ஆரஞ்சுத் துணி வெட்டாமல் அலமாரியில் இருந்தது.

"யாரக் கேட்டு தச்சீங்க?"

"தம்பிதான் போன் போட்டுச்சு மதாம். அம்மாவ நான் பேசிக்கிறேன், நீங்க தைங்கன்னு சொல்லிச்சு. போடப்போறது அதுதான. ஆரஞ்சுல தச்சா அது பெட்டிலயேதான் கெடக்கும்."

அமிர்தவல்லி சட்டைகளைத் தையல் மெஷின்மேல் வைத்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்து மகனுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். அவன் எடுத்ததும் திரையைத் தட்சிணாமூர்த்தியின் பக்கம் திருப்பினார்; அவரைக் கண்டு அவன் விழித்தான்.

"சட்டையக் கழட்டு."

"அம்மா, கடையில இன்னா..."

"கழட்டுடா. தச்சவரு பாக்கட்டும்."

அந்தக் குரலுக்கு அவன் எட்டு வயதில் பணிந்ததுபோலவே பணிந்தான். தட்சிணாமூர்த்தி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். வலது புயத்தில் குண்டு துளைத்த தழும்பு தெரிந்தது. மெஷின்மேல் இருந்த சட்டைகளை எடுத்துக் காலடியில் போட்டார். அலமாரியைத் திறந்து ஆரஞ்சுத் துணியை மேசையில் விரித்தார்.

"அதுலயே தைங்க அங்கிள், போட்டுக்குறேன்," என்றது போனில் இருந்த குரல்.

"பாத்துட்டேன் மதாம்," என்றார் தட்சிணாமூர்த்தி மெதுவாக. "போதும். கைய எறக்குங்க."

அமிர்தவல்லி இறக்கவில்லை. போனைத் தையல்காரர் பக்கம் நீட்டிப் பிடித்தபடியே இருந்தார். அவர் முகம் மட்டும் முழுவதுமாகச் சாலைப் பக்கம் திரும்பியிருந்தது.