பென்குயின் ஸ்டிக்கருக்குக் கீழே

இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். டண்டினொங்கில் இருக்கும் ஜெயா அக்கா விடுமுறைக்குத் தன் கேரவனை, காரில் இழுத்துச்சென்று தங்கும் வண்டியை, தந்தபோது, பதிலுக்கு ஏதாவது செய்து கொடுக்கத் தோன்றியது. உள்சுவரில் இருந்த சாமான் தட்டுகளின் ஸ்க்ரூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. நான் பொறியாளன் அல்லவா, எல்லாவற்றையும் முடுக்கினேன்.

ஒன்று மட்டும் பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நீளமான ஸ்க்ரூ போட்டேன். கச்சிதமாக இறுகியது. பெருமையோடு வெளியே வந்து பார்த்தால், அதன் முனை வெளித்தகட்டைத் துளைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையின் மேல் பிலிப் தீவில் வாங்கிய பென்குயின் ஸ்டிக்கரை ஒட்டினேன். வண்டியின் வெளிப்புறத்தில் ஏற்கெனவே ஊர் ஊராக ஸ்டிக்கர்கள் இருந்தன. ஒன்று கூடினால் யாருக்குத் தெரியப்போகிறது?

சாவியைக் கொடுக்கப் போனபோது அக்கா உள்ளே பார்த்துவிட்டு, "ஆடின ஸ்க்ரூ எல்லாம் இறுக்கி வச்சிருக்கிறீங்கள். நல்ல பிள்ளை" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, வெளிய அந்தப் பென்குயினுக்குக் கீழ ஒரு ஓட்டை இருக்கு. நான்தான் போட்டேன்."

அவர் என்னை வண்டியின் மறுபக்கம் அழைத்துப்போய், ஒரு பழைய ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் உரித்தார். அடியில் சிலிக்கோன் பசை பூசி அடைத்த ஓட்டை.

"இது நான் போட்டது, தம்பி. மற்றதுகளையும் உரிக்கவோ?"

என் ஓட்டையையும் இருவருமாக அடைத்து, பென்குயினைத் திரும்ப ஒட்டினோம்.

அந்த வண்டியைப் பார்ப்பவர்கள், "எவ்வளவு ஊர் சுத்தியிருக்கீங்க" என்று அக்காவிடம் வியக்கிறார்கள். அன்று வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால், நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.