நான்கு அத்தரும் ஒரு செக்போஸ்டும்

சந்தன வாசனையோடு கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிறவனை வனத்துறை பிடித்து உள்ளே போட்டுவிடும் என்று நான் மனதார நம்பினேன். கட்டையோடு இறங்குகிறவனை அல்ல, வெறும் வாசனையோடு இறங்குகிறவனை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நைனார்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப்பேருடைய பட்டாவும் பத்திரமும் என் கையால்தான் நகலாகியிருக்கின்றன, அதனால் சட்டம் தெரிந்தவன் என்று எனக்கே ஒரு நினைப்பு. அந்த நினைப்போடுதான் போன மாதம் ஒரு சனிக்கிழமை மனைவி மேரியைக் கூட்டிக்கொண்டு வாசனை வாங்கக் கிளம்பினேன்.

காலை 6.40, டவுன் பஸ். சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி முப்பது கிலோமீட்டருக்குள்தான். மேரிக்கு டிக்கெட் இலவசம், எனக்குக் காசு. "ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு உன்னக் கூட்டிக்கினு போறேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாதாரணமாக இதற்குத் தொடையில் ஒரு கிள்ளு விழும்.

விழாததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்து போனபோது மேரியின் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எலுமிச்சை, கிராம்பு, காபித்தூள், மல்லிகை நான்கையும் தினம் இரண்டு வேளை முகரச் சொன்னார் டாக்டர். பத்து மாதம் முகர்ந்தாள். ஒன்றும் வரவில்லை. நடுவில் ஒரு மாதம் மட்டும் இல்லாத புகை வாசம் வந்தது. வீடு பூரா தேடி, அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு உட்காருவாள். பிறகு அந்தப் பொய்ப்புகையும் நின்றுபோனது.

மேரி பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். உப்பு புளி நாக்குக்குத் தெரியும். கெட்டுப்போனது மூக்குக்குத்தான் தெரியும். அந்தச் சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், வேகவைத்த முட்டைகளில் ஒன்று கெட்டது என்பது ஒரு சின்னப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தள்ளிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. பிள்ளை வாயில் வைக்கவில்லை. ஆனால் மேரி அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் என் கடைக்கு வந்து, வேலையை விடுவதாக ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னாள். நான்தான் அடித்தேன். திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு. அது அவள் கைப்பையில் நான்காக மடிந்து எங்களோடு வந்துகொண்டிருந்தது.

எலுமிச்சைக்குத் திறக்காத மூக்கு அத்தருக்குத் திறக்கும் என்பது என் கணக்கு. கடிதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை கொடு என்று கெஞ்சி வாங்கியிருந்தேன்.

காலை 8.20, கள்ளக்குறிச்சி. டீ குடித்துவிட்டு மரச்சிற்பப் பட்டறை ஒன்றுக்குப் போனோம். பாதி செதுக்கிய யானைகளும் மூக்கு வராத சாமிகளும் சுவரோரம் நின்றன. "பாரு, உனக்குத் துணைக்கு ஆள் இருக்குது" என்றேன். இந்த முறை கிள்ளு விழுந்தது. எனக்கு உயிர் வந்தது. மூடியில் கொடி ஓடும் அஞ்சறைப் பெட்டி ஒன்றை மேரி எடுத்தாள். வாகை மரம், ஆயிரத்து நூறு ரூபாய். சிற்பி அதைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.

9.30க்கு மசூதிப் பக்கத்துச் சந்தில் அத்தர் கடை. ஆறடிக்கு நாலடி இருக்கும். பாட்டிலைத் திறந்து முகர விடமாட்டார் பாய். கண்ணாடிக் குச்சியில் தொட்டு மணிக்கட்டில் ஒரு கோடு, அல்லது துளிப் பஞ்சில் நனைத்துக் காது மடிப்பில் செருகல். மனித உடம்பின் சூட்டில்தான் அத்தர் பேசுமாம். மேரிக்கு ஒவ்வொன்றாகத் தடவினார். நான் கூடவே கையையும் காதையும் நீட்டினேன். வலது காதில் மரிக்கொழுந்து, இடது காதில் வெட்டிவேர், வலது கையில் சந்தனம், இடது கையில் முதல் மழையில் நனைந்த மண்.

மண் அத்தரைத் தடவியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே புழுதி அடங்கும் வாசம்.

"இன்னாம்மா, வருதா?" என்றார் பாய்.

மேரி மணிக்கட்டை மூக்கில் வைத்து இழுத்தாள். "சில்லுனு இருக்குது பாய்."

"அது தோலுக்கு. மூக்குக்கு?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். பாய் குச்சியைக் கீழே வைத்தார். "அப்ப இன்னிக்கி வாங்காதீங்கம்மா. வரும்போது வாங்க. கடை எங்கியும் போவாது."

இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்லை. அந்த மரியாதையில் நான் நான்கையும் வாங்கிவிட்டேன். மூன்று மில்லி பாட்டில், ஒவ்வொன்றும் இருநூற்றைம்பது. "சந்தனத்துல நெஜ எண்ணெ ரொம்ப கம்மிதாங்க, கலப்புதான்" என்று அவர் சொன்னதை என் காது கேட்டது, மூளை வாங்கவில்லை. பாட்டில்களை அஞ்சறைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டோம்.

10.30 பஸ். வெள்ளிமலைக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும். கூடையும் முறமும் சாமையும் அங்கே வாங்க வேண்டும் என்பது மேரியின் பட்டியல். வடக்கனந்தல் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை எழும்பி நிற்கும் இடத்தில் செக்போஸ்ட். ஏறும் பஸ்ஸை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் ஒரு போர்டு இருந்தது. சந்தன மரத்தை வெட்டுவதும் கடத்துவதும் வைத்திருப்பதும் குற்றம்.

வைத்திருப்பதும்!

அதே நேரம் முன் சீட்டு அம்மா திரும்பி, "யாரு, சந்தனம் கமகமனு வருது?" என்றார். பஸ்ஸே என்னைப் பார்த்ததுபோல் இருந்தது. மடியில் மரப்பெட்டி. கையில் சந்தனம். பெட்டி வாகை என்று சிற்பி சொன்னார், அதற்கு ரசீது உண்டா? முதல் கொண்டை ஊசி வளைவில் நான் ஜாமீனுக்கு யாரைக் கேட்பது என்று யோசித்தேன். மூன்றாவது வளைவில் மச்சானை நினைத்து, ஐந்தாவதில் வேண்டாம் என்று விட்டேன்.

12.30, வெள்ளிமலை. காற்று குளிர்ந்திருந்தது. நான் நேராகக் குழாயடிக்குப் போனேன். எண்ணெய் அத்தர் சோப்புக்குப் போகவில்லை. கடையில் எலுமிச்சை வாங்கித் தேய்த்தேன், பிறகு புளி. இப்போது சந்தனத்தில் ரசம் வைத்ததுபோல் மணத்தது.

மூங்கில் முறம் விற்ற மலைக்காரப் பெண் மேரியிடம் கேட்டாள். "இன்னாக்கா, அவருக்குக் கையில கொப்புளமா?"

"இல்லம்மா. பயம் வந்தா கை கழுவுவாரு."

"இன்னாத்துக்குப் பயம்?"

"இனிமேதான் கண்டுபுடிப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். முறம் இருநூற்று எழுபது, கூடை நூற்றைம்பது, சாமை இரண்டு கிலோ. முறத்தைத் தட்டிப் பார்த்து, வெயிலில் தூக்கிப் பிடித்து இடைவெளி பார்த்து வாங்கினாள் மேரி. சாமையைக் கைநிறைய அள்ளி, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். பாதியில் கை நின்றது. மெதுவாகச் சாக்கில் கொட்டிவிட்டாள். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

மதியம் 2.15க்கு இறங்க ஒரு ஷேர் ஜீப் கிடைத்தது. நாங்கள் இருவரும் டிரைவரும்தான். இறக்கம் முழுக்க நான் வாக்குமூலம் ஒத்திகை பார்த்தேன். 3.20க்குச் செக்போஸ்ட் வந்தது. கம்பி இறங்கியிருந்தது. ஃபாரஸ்ட் கார்டு கையைக் காட்டினார்.

அவர் வாய் திறப்பதற்குள் நான் பெட்டியோடு கீழே குதித்தேன். "சார், வாங்கினதுதான் சார். கள்ளக்குறிச்சியில. நாலு பாட்டில். ஒண்ணு சந்தனம். மரம் வாகைனு சொன்னாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது சார்."

அவருக்கு நாற்பது வயது இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் டிரைவர்கிட்ட மணி இன்னானு கேக்கத்தான் கைகாட்னேன். காதுல இன்னாங்க, ரெண்டு பக்கமும் பஞ்சு?"

காலையிலிருந்து எடுக்கவில்லை. மேரியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அழகா இருந்துச்சு. உட்டுட்டேன்" என்றாள்.

கார்டு பெட்டியை வாங்கி நகத்தால் சுரண்டினார். "வாகைதான்." சந்தன பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். "எங்க வூட்லயும் இருக்குது இது. கட்டையைக் கடத்தினாதாங்க கேஸு, குளிச்சுட்டு மணக்கறதுக்கு இல்ல." டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார்.

அப்போதுதான் ஜீப்புக்குள்ளிருந்து மேரியின் குரல் வந்தது. சின்னக் குரல். "ஏங்க... இன்னாவோ தீயுது."

நான் இழுத்துப் பார்த்தேன். மரிக்கொழுந்து, வெட்டிவேர், சந்தனம், மண், எலுமிச்சை, புளி. வேறொன்றும் இல்லை. கார்டின் மூக்கில் பாட்டில். டிரைவருக்கு ஜலதோஷம்.

"எனக்கு ஒண்ணும் வர்லியேம்மா" என்றார் டிரைவர்.

மேரியின் முகம் சுருங்கியது. "பொய்யாதான் வருது போல. உடுங்க." பிறகு, விட முடியாமல், "சோறு அடிபுடிக்கற மாதிரி..." என்றாள்.

"ஐயோ, என் சோறு!" என்று கார்டு பெட்டியை என் கையில் திணித்துவிட்டுக் கொட்டகைக்குள் ஓடினார்.

கரி பிடித்த அலுமினியக் குண்டானோடு வெளியே வந்தார். சாமைச்சோறு. ஓரத்தில் இன்னும் புகை வந்தது. "வண்டி வந்துக்கினே இருந்துச்சு, மறந்தே போச்சு" என்றார்.

மேரி ஜீப்பிலிருந்து இறங்கினாள். குண்டான்கிட்டே போய்க் குனிந்தாள். ஒரு முறை இழுத்தாள். நிமிர்ந்து எங்கள் மூவரையும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, வாயோ வேலையைத் தொடங்கிவிட்டது. "தண்ணி கம்மி, தீ ஜாஸ்தி. அடியக் கிண்டாதீங்க. மேலாக எடுத்துக்குங்க, கசக்காது."

"சரிக்கா" என்றார் கார்டு.

"இன்னொரு வாட்டி மோந்துக்கட்டுமா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இரண்டு வார்த்தையில் சொன்னேன். அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குண்டானை இரண்டு கையாலும் பிடித்து அவள் முன்னால் நீட்டினார். அவள் போதும் என்று சொல்லும்வரை நீட்டிக்கொண்டே நின்றார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை.

நான் காதுப் பஞ்சுகளை எடுத்து எறிந்தேன். அதன்பிறகு எனக்கும் அந்தத் தீய்ந்த வாசம் வந்தது.

ஊர் திரும்பிப் பல நாளாகிறது. அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் குடியேறிவிட்டன, அத்தனையும் மரிக்கொழுந்து மணக்கின்றன. எங்கள் ரசத்தைப் பற்றி விருந்தாளிகள் கருத்துச் சொல்வதில்லை. நான்கு அத்தரில் ஒன்றுகூட மேரிக்கு இன்னும் வரவில்லை. காபி, காலையில் கொஞ்சம் வருகிறது என்கிறாள். முட்டை வரவில்லை. பள்ளியில் உதவிக்கு இருக்கும் அம்மா ஒவ்வொன்றாக உடைத்து முகர்ந்து கொடுக்கிறார்.

அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் என் கடையில் கணக்குப் போடுகிறேன். அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு மேரி சமைக்கப் போனாள்.