நெஞ்சில் ஏறிய சொல்

அகராதி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் சீட்டக்கா. ஒரு சொல்லுக்கு ஒரு கட்டு என்று முப்பது வருஷமாகச் சீட்டு எழுதிக் கட்டியவள். அங்கே ஒரு வழக்கம்: கட்டை எடுத்தவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அது அவரோடுதான் வீட்டுக்குப் போய்வர வேண்டும்.

அவளுக்கு வந்தது 'மாரா'. இத்தனூண்டு சொல். வடக்கு ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியில், தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி உட்காரும் ஒன்று. நார்வேக்காரர்களிடம் அது சவாரி செய்கிறது, ஐஸ்லாந்தில் மிதிக்கிறது. ஆங்கிலத்தில் இரவோடு ஒட்டிக்கொண்டு 'நைட்மேர்' ஆகி, வெறும் கெட்ட கனவாக இளைத்துவிட்டது. டச்சுக்காரர்கள் அதைப் பெண்குதிரையாகவே ஆக்கிவிட்டார்கள். குதிரைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பிறந்த வேர் மட்டும் பிடிபடவில்லை. தேய்ப்பதா, நசுக்குவதா, சாவதா? அறிஞர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

முன்பு இந்தக் கட்டை எடுத்த இருவரும் பாதியில் வேலையை விட்டிருந்தார்கள். "சோம்பேறிங்க," என்றாள் சீட்டக்கா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டைத் தலைமாட்டில் வைத்துக் கண்ணயர்ந்தாள். நெஞ்சில் கனம் ஏறியது. கண் திறந்துதான் இருந்தது, சுண்டுவிரல் அசையவில்லை. கூடத்தில் தங்கை வெங்காயம் உரிப்பது தெரிந்தது. கூப்பிட நாக்கு எழவில்லை.

"மூக்குமுட்டத் தின்னுட்டு மல்லாந்தா வேறென்னக்கா ஆகும்?" என்றாள் தங்கை, பிறகு.

மறுநாள் அலுவலக மேசையில் தலைசாய்த்தபோது முதுகில் ஏறியது. செவ்வாயன்று மூச்சு பாதிதான் உள்ளே போனது. இன்னொரு மத்தியானம் தாங்காது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை எழுதினாள்: 'நசுக்குவது'. சான்று என்ற இடத்தில் நூலின் பெயருக்குப் பதில் தன் பெயரையும் கனம் ஏறிய மணியையும் போட்டாள்.

பதிப்பாசிரியர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "புத்தகச் சான்று எங்கம்மா? உங்க நெஞ்செரிச்சலையெல்லாம் அச்சடிக்க முடியுமா?"

"அப்போ நீங்களே முடிச்சுக் கையெழுத்துப் போடுங்க சார்." கட்டை அவர் பைக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானம் பஞ்சாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை அவர் வந்தார். சட்டையின் மேல்பொத்தான் திறந்திருந்தது; முகம் வெளிறிக் கிடந்தது. சீட்டை நீட்டினார். சான்றில் அவள் பெயருக்குக் கீழே அவர் பெயர், மூன்று மத்தியானங்களின் மணி.

"கையெழுத்துப் போட்டுட்டேம்மா," என்றார் தணிந்த குரலில். "இறங்கலையே?"

சீட்டக்கா அந்தச் சீட்டைத் தொடாமல், நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டாள்.