முயலையும் மூட்டை கட்டியவர்

வேட்டைக்குப் போக மூட்டை கட்டும்போது சிங்காநல்லூர் எடை மேடை லட்சுமணசாமி முதலில் இடம் ஒதுக்கியது முயலுக்கு.

இதில் சிரிக்க ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய பங்காளிகள் யாருக்குமே தோன்றியதில்லை. தைப் பொங்கல் நோம்பி முடிந்ததும் கருமத்தம்பட்டிக்கு வடக்கே கன்னிமார் கரடு என்கிற பாறைக் குன்றின் மேல் ஏறி, அங்கேயே ராத் தங்கி, விடிந்ததும் வலை கட்டி முயல் பிடித்து, அடிவாரக் கோயிலில் மாலை போட்டுச் சாமிக்குக் காட்டுவது அவர்கள் குலத்து வழக்கம். காட்டு முயலைத் தொட்டால் கேஸ் என்று வனத்துறை ஆட்கள் வந்து சொன்ன வருஷம், குலத்தில் மூத்தவரான சென்னியப்பன் எல்லோரையும் கோயிலில் கூட்டினார்.

"கவருமெண்டு சொல்றதும் நாயந்தானுங்க. சாமிக்கு வேட்டை இல்லீனு சொல்றதும் தப்புங்க," என்றார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் முடிவு எட்டப் பொழுது சாய்ந்துவிட்டது. கோயமுத்தூரில் ஒரு வளர்ப்பு முயலை வாங்குவது. அதைக் கரட்டின் மேல் சுமந்து போய் விடுவது. பிறகு அதையே வேட்டையாடிப் பிடிப்பது. முயல் எந்த ஊர் என்று சாமி விசாரிக்கப் போவதில்லை.

அதிலிருந்து வேட்டையில் பெரிய பொறுப்பு முயல் சுமப்பவருடையதாகிவிட்டது. அவருடைய மூட்டையைக் கரடு ஏறி இறங்கும் வரை வேறு யாரும் தொடக்கூடாது. முயல் தானாக ஓடித்தான் வலையில் விழ வேண்டும். பிடித்துத் தூக்கி வலைக்குள் போட்டால் அது வேட்டை ஆகாது. வலையில் விழுந்ததற்கு ஒரு மாலை, சுமந்தவருக்கு ஒரு மாலை. முயல் ஓடாவிட்டால் இரண்டு மாலையும் கோயில் வேலிக்குத்தான்.

மாலை வாங்கியவர்களுக்குக் கல்யாணம் காட்சிகளில் முன்னால் விரித்த சமுக்காளத்தில் இடம் உண்டு. வாங்காதவர்கள் பின்னால், செருப்பு கழற்றிப் போடும் இடத்துக்குப் பக்கத்தில். லட்சுமணசாமிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் செருப்புப் பக்கம்தான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து லாரிக்கு எடை போடுகிறவருக்கு மூச்சு வாங்கும் என்று ஒவ்வொரு வருஷமும் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவரைவிடப் பத்து வயது சின்னவன், சித்தப்பா மகன் ரவிக்குமார், அவன்கூட மாலை வாங்கியாகிவிட்டது. போகிற வருகிற கல்யாணத்திலெல்லாம் அவன் திரும்பிப் பார்த்து, "ஏனுங்ணா, நம்ம செருப்பச் சித்தெ பாத்துக்குங்க," என்பான். நான்கு பேர் சிரிப்பார்கள். லட்சுமணசாமியும் சிரிப்பார். வீட்டுக்கு வந்த பிறகு மனைவி பூவாத்தாளிடம் சாப்பாடு வேண்டாம் என்பார்.

தொண்ணூற்றாறாம் வருஷம் முயல் சுமக்க முறை வந்தவருக்கு முட்டி வீங்கிக்கொண்டது. சென்னியப்பன் சுற்றிலும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், "லட்சுமணா, நீ தூக்கறயா கண்ணு?" என்று கேட்டார்.

"தூக்கறேனுங்க பெரீப்பா," என்றார் அவர் முந்திக்கொண்டு.

முயலைச் சாதாரணப் பையில் வைக்க மனம் ஒப்பவில்லை. எடை மேடைக்கு எதிரே லாரித் தார்ப்பாய் தைக்கும் மெர்சியிடம் போனார். தோளில் மாட்டுகிற பை, உள்ளே இரண்டு அறை, ஒன்று முயலுக்கு, ஒன்று சாமானுக்கு என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். மெர்சி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, இது பையா, ஊடா?"

"மொசலுக்குக் காத்து வரோணும்மா."

"அப்ப ரெண்டு சன்னல் வெச்சுப்போடறேன். நெலவுக் கதவு வேண்டாமுங்களா? புதுமனை புகுவிழாவுக்குச் சொல்லுங்க, வாரேன்."

கயிறு கோக்கத் தார்ப்பாயில் அடிக்கிற பித்தளை வளையங்களைச் சன்னலாக வைத்து, மில்லில் கழித்துப் போட்ட பெல்ட்டைத் தோள்வாராகத் தைத்துக் கொடுத்தாள். மழை கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. காலிப் பையே நிமிர்ந்து நின்றது.

முயல் நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, சிவந்த கண்ணோடு, யாரையும் எதிர்பார்க்காத முகத்தோடு இருந்தது. சாமிக்குப் போகிற முயல் என்பதால் அதை வா, போ என்று கூப்பிடக்கூடாது.

"வாங்க, உக்காருங்க," என்றாள் பூவாத்தாள். வீடு தேடி வந்தவர்களை வயிறு வாட விடுவது அவள் பரம்பரையிலேயே கிடையாது. கேரட், அகத்திக்கீரை, ஊறவைத்த கடலை என்று வேளாவேளைக்குப் போய்க்கொண்டிருந்தது. லட்சுமணசாமி பகலில் அதைப் பைக்குள் வைத்து எடை மேடை ஆபீசுக்கு எடுத்துப் போனார். பை பழகட்டும் என்று எண்ணம். இரண்டாம் நாளே முயல் பையை வீடாக எடுத்துக்கொண்டுவிட்டது. பையை மேஜையடியிலிருந்து சன்னலோரம் நகர்த்தினால் பின்னாலேயே தத்திப் போய் உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பிறகு சாமான். அடுக்குவதில் லட்சுமணசாமிக்குக் குழப்பமே இல்லை. பாரம் பார்ப்பது அவர் தொழில். ஒவ்வொரு பொருளையும் எடை மேடையில் வைத்துப் பார்த்த பிறகே பைக்குள் போடுவது என்று முடிவு செய்தார்.

லாரி ஏறி நிற்கிற மேடை அது. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். மண்ணெண்ணெய் அடுப்பை நட்டநடுவில் வைத்துவிட்டு உள்ளே வந்து பார்த்தார். சிவப்பு எழுத்தில் பூஜ்யம். கம்பளி, பூஜ்யம். நைலான் கயிறு, டார்ச் லைட், தண்ணீர்க் கேன், எல்லாம் பூஜ்யம். பஞ்சு லோடு ஏற்றி வந்த டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து, மேடை நடுவில் தனியாக நின்ற தேங்காய் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

பூவாத்தாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, தேங்காய்க்குக்கூடவா எடை இல்லீங்க?"

"மிசினு காட்டுலீல்ல."

"காட்டுலீனா?"

"காட்டுலீனா இல்ல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த மிஷினுக்கு வருஷா வருஷம் அரசாங்க முத்திரை விழுகிறது. எடை தப்பு என்று சட்டையைப் பிடிக்க வந்த எத்தனையோ டிரைவர்களிடம், மிஷின் சொல்வதுதான் எடை என்று சத்தியம் செய்திருக்கிறார். இன்று தன் வசதிக்காக அதைச் சந்தேகப்பட்டால் அத்தனை பேருக்கும் யார் பதில் சொல்வது?

பூவாத்தாள் வீட்டுக்குப் போய் அரிசி, பருப்பு, உப்பு, புளி, இட்லிப் போசி, ஒப்பிட்டுப் போளி அடுக்கிய தூக்குப் போசி, ஒரு டப்பா முறுக்கு எல்லாம் கொண்டுவந்தாள். எல்லாம் பூஜ்யம். கடைசியாக, அவர் எங்கே நிறுத்துகிறார் என்று பார்ப்பதற்காகவே, அம்மிக் குழவியைக் கொண்டுவந்தாள்.

மேடையில் வைத்தார். பார்த்தார்.

"போடு," என்றார். "சட்னிக்காகும்."

மொத்தப் பையையும் ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொன்னாள். பூஜ்யத்தோடு பூஜ்யத்தைக் கூட்ட மிஷின் எதற்கு என்று கேட்டார். கிளம்புகிற அன்று பையை அவர் முதுகில் ஏற்ற பூவாத்தாளும் மெர்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாததால் கனம்போலத் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, இரண்டு அடி முன்னாலும் ஒரு அடி பின்னாலும் வைத்து, பஸ் ஸ்டாண்டை நோக்கிப் போனார்.

கரட்டடியில் பங்காளிகள் ஆளுக்கொரு துணிப்பையோடு நின்றார்கள். ரவிக்குமார் அவரைச் சுற்றி வந்தான்.

"ஏனுங்ணா, உள்ள இருக்கறது மொசலுங்களா, மொசலு ஊட்டுச் சீருங்களா?"

"எல்லாம் எடை பாத்துத்தான் தம்பி வெச்சிருக்குது."

ஏறினார். பையை இறக்கினால் திரும்ப ஏற்ற இன்னொருவர் கை வேண்டும்; இன்னொருவர் தொடக்கூடாது. ஆகவே இறக்கவில்லை. மூச்சு வாங்கியபோது பாறையில் பையைச் சாய்த்து, தானும் சாய்ந்து, வானத்தைப் பார்த்தபடி நின்றார். மரத்துக்கு மரம் நின்றார். மரம் இல்லாத இடங்களில் சும்மா நின்றார். முதுகுக்குப் பின்னால் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. நடு மறைப்பைக் கடித்துத் துளைத்து முயல் சாமான் அறைக்குள் நுழைந்திருந்தது. கேரட் முழுவதும், கடலையில் பாதி, ஒப்பிட்டு கொஞ்சம். தின்னத் தின்னப் பாரம் குறையும் என்று எதிர்பார்த்தார். பையிலிருந்தது முயலுக்குள் போயிற்றே தவிர முதுகைவிட்டுப் போகவில்லை.

உச்சியில் பையை இறக்கி, அதை ஒட்டியே படுத்தார். விடிந்தது. கரட்டின் மறு சரிவில் புதருக்குப் புதர் வலை கட்டினார்கள். சென்னியப்பன் கற்பூரம் காட்டினார். லட்சுமணசாமி பையைத் திறந்து முயலைத் தரையில் விட்டார். எல்லோரும் தகரத்தைத் தட்டி, "ஓ" என்று கத்தினார்கள்.

முயல் முகம் கழுவிக்கொண்டது.

"ஓடுங்க சாமி," என்றார் சென்னியப்பன்.

ரவிக்குமார் அதன் காதருகே தகரத்தைத் தட்டினான். முயல் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. கைதட்டிப் பார்த்தார்கள். கும்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எப்படி ஓட வேண்டும் என்று ஓடியே காட்டினார். வெயில் ஏறியது. பசி எடுத்துவிட்டது.

"லட்சுமணா, அடுப்புக் கிடுப்பு வெச்சிருக்கறயா கண்ணு?"

இருந்தது. அரிசியும் பருப்பும் இருந்தன. உப்பு இருந்தது. அரிசிம்பருப்புச் சோறும் தேங்காய்ச் சட்னியும் ஆயிற்று. பையை யாரும் தொடக்கூடாது என்பதால் ஆக்கியதும், அரைத்ததும், கழுவித் திரும்ப அடுக்கியதும் லட்சுமணசாமியே. குழவிக்கு ஏற்ற பாறையை அவரே தேடிப் பிடித்தார். வேட்டைக்கு வந்தவர்கள் சாப்பிட்டு ஏப்பம் விட்டு, முயலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். முயல் நடுவில் தூங்கியது.

"உச்சிப் பொழுதுக்கு முன்னால கோயலுக்குப் போயாகோணுமுங்க," என்றார் சென்னியப்பன் வருத்தமாக. "சாமிக்கு இஷ்டமில்லியாட்ட இருக்குது. மாலைய வேலிக்குப் போட்டறலாம்."

ரவிக்குமார் எழுந்து வேட்டியைத் தட்டினான். "உடுங்ணா. நமக்குன்னு ஒரு எடம் இருக்குதில்லீங்க. செருப்புக்கும் ஆளு வேணுமில்ல."

இந்தமுறை லட்சுமணசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. பாறையோரம் குந்தி, வார்களைத் தோளில் மாட்டி, அரிசி பருப்பு குறைந்திருந்ததால் பாறையைப் பிடித்துத் தானே எழுந்து, பையோடு இறங்கத் தொடங்கினார். பத்தடி போயிருப்பார்.

"அண்ணா!" என்றது யாரோ ஒருவரின் குரல்.

திரும்பிப் பார்த்தார். தன் வீடு போகிறதைப் பார்த்துவிட்டு முயல் எழுந்திருந்தது. ஒரு தத்து. இன்னொரு தத்து. அவர் நின்றார், அதுவும் நின்றது. நடந்தார், தத்தியது. கொஞ்சம் வேகமாக நடந்தார். அது ஓடியது.

"ஓடுதுங்க! மொசலு ஓடுதுங்க!"

பத்துப் பேரும் தகரத்தைத் தட்டிக் கத்த, லட்சுமணசாமி ஓடினார். ஓடத் தொடங்கியது மட்டும்தான் அவர். அதற்குப் பிறகு அடுப்பும் போசியும் குழவியும் முதுகைப் பிடித்துத் தள்ளின. சரிவில் நிற்கப் பார்த்தார். கால் நின்றது, பை நிற்கவில்லை. அந்தப் பூஜ்யம் கிலோ அவரை இரண்டு புதர் தாண்டவைத்து, கிளுவை முள்ளில் உரசவைத்து, நடு வலையில் தலைகுப்புறக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவர் விழுந்து மூச்சுவிட்ட பிறகு, நிதானமாக, முயலும் வந்து விழுந்தது.

சத்தம் அடங்கியது. எல்லோரும் சென்னியப்பனைப் பார்த்தார்கள். இப்படி ஒன்றுக்கு முன்மாதிரி இல்லை. அவர் வலையைச் சுற்றி நடந்து, குனிந்து, இருவரையும் பார்த்தார்.

"மொசலு ஓடித்தான் உளுந்துச்சுங்களா?"

"ஓடித்தானுங்க."

"மொதல்ல உளுந்தது?"

"அண்ணனுங்க," என்றான் ரவிக்குமார். சொன்ன பிறகுதான் அது எங்கே போய் முடியும் என்று அவனுக்கு உறைத்தது.

"அப்ப ரெண்டு வேட்டைங்க," என்றார் சென்னியப்பன். "வலையில உளுந்தது கோயலு வரைக்கும் கால் தரையில படாம வரோணும். கம்ப எடுங்க."

வலையோடு சேர்த்து லட்சுமணசாமியைக் கம்பில் கட்டினார்கள். பையைக் கழற்றிவிடலாம் என்று ரவிக்குமார் சொல்லிப் பார்த்தான். அதை வேறு யாரும் தொடக்கூடாதே என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வயிற்றின் மேல் முயலும் முதுகுக்குக் கீழே பையுமாக அவர் ஊஞ்சலாடிக்கொண்டு இறங்கினார். முன் கம்பு ரவிக்குமார் தோளில் இருந்தது. பாதி வழியில் அவன் கம்பைத் தோள் மாற்றினான்.

"ஏனுங்ணா... உள்ள... என்னதானுங்க... வெச்சிருக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி," என்றார் லட்சுமணசாமி. "மிசின்ல வெச்சே பாத்துட்டேன்."

சுமந்தவருக்கான மாலை அவர் கழுத்துக்குச் சரியாக இருந்தது. வேட்டைக்கான மாலை முயல் அளவுக்குக் கட்டியது. அவர் தலையில் இறங்காமல் உச்சியிலேயே நின்றது. அதை முயலும் அவருமாகப் பங்கிட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் முயல் தன் பங்கோடு அவர் பங்கையும் தின்று தீர்த்தது.

மாசியில் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்த லட்சுமணசாமி பழக்கத்தில் பின்பக்கம் திரும்பினார். சென்னியப்பன் முன்சமுக்காளத்திலிருந்து கையசைத்துக் கூப்பிட்டார். அங்கே ரவிக்குமார், தோளில் பற்றுப் போட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவரைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான்.

பெண் வீட்டுக்காரர் ஒருவர் மரியாதைக்குக் கேட்டார்: "இந்த வருசம் உங்க வேட்டையில எத்தன மொசலுங்க?"

"ரெண்டுங்க," என்றார் சென்னியப்பன். "ஒண்ணு சிங்காநல்லூருல எடை மேடையில இருக்குது. இன்னொண்ணு இங்கதான் உக்காந்திருக்குது."