ஒரு மண்குண்டு குறைகிறது

என் மேசையில் ஒரு மண்குண்டு இருக்கிறது. சுட்ட களிமண், நெல்லிக்காய் அளவு, நடுவில் கயிறு கோக்க ஒரு துளை. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர்கள் வலை நீருக்குள் அமிழ்ந்து நிற்பதற்காக அடிக்கயிற்றில் இவற்றை வரிசையாகக் கட்டுவார்கள். நான் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அதன் கீழே ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து எழுதியிருந்தார்கள். வாழ்க்கையிலும் வேலையிலும் ஊக்கத்தை நமக்குள்ளிருந்தே பெறுவது எப்படி என்று மாணவர்களுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். முப்பத்தைந்து வருஷம் ஆலைகளில் ஆள் விவகாரம் பார்த்தவன் என்பதால் என் பெயர் யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. படித்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கொறடு அண்ணன் ஞாபகம் வந்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. எனக்கு இருபத்து மூன்று வயது. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மாவையும் இரண்டு தங்கைகளையும் மணவாள நகரில் விட்டுவிட்டு, புதுவாயலில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கி, ஒரு கம்பி ஆலையின் டைம் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். வருகிறவர்களின் அட்டையை ஜன்னல் வழியாக வாங்கி, முத்திரை குத்தி, அடுக்கி வைப்பது வேலை. அது மட்டும் என்றால் நான் இன்று இதை எழுத வேண்டியிருக்காது. என்னிடம் ஒரு சிவப்புப் பென்சிலும் இருந்தது. ஒரு தற்காலிகத் தொழிலாளி வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்துவிட்டால் சட்டத்தில் அவனுக்கு ஒரு பிடிமானம் கிடைத்துவிடும். ஆகவே இருநூற்று முப்பது தாண்டியதும் அட்டையின் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஆளைப் பத்து நாள் வெளியே நிறுத்தி, பிறகு புது எண்ணில் புது அட்டை கொடுக்க வேண்டும். அவன் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். அதிகாரி இதை எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னார், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வெளியே சொன்னால் என் நாற்காலி போகும் என்பதை அவர் சொல்லவே இல்லை. எனக்கே தெரிந்தது.

கொறடு அண்ணன் என்பது ஆலை வைத்த பெயர். பழுக்கக் காய்ச்சிய கம்பி, சுழலும் உருளைகளுக்கு நடுவே நசுங்கி மறுபக்கம் சீறிக்கொண்டு வரும்போது, அதன் நுனியை நீண்ட கொறட்டால் கவ்வித் திருப்பி அடுத்த உருளைக்குள் செருகுவார். கண் ஒரு கணம் தப்பினால் கம்பி ஆளைச் சுற்றிக்கொள்ளும். அரை மணி நேரம் நின்றால் அரை மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டிய வேலை அது. மற்றவர்கள் காலையில் வாசலுக்குள் கால் இழுத்துக்கொண்டு வருவார்கள். இவர் மட்டும் சங்கு ஊதுவதற்கு முன்பே என் ஜன்னலில் நிற்பார், ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. வயது நாற்பதை நெருங்கியிருக்கும். "இன்னா சார், நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே அட்டையை நீட்டுவார். அவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஆச்சரியமாகவும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். என்னைத் தினமும் எழுப்பி அனுப்பியது பயம் ஒன்றுதான்.

அவர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அங்கே எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாட்டுக்கு ஒருவன் வராமல் போனால், அடுத்த குலுக்கல் வரை வரிசையின் கடைசிதான். ஏரியில் மீன் குறைந்து இரண்டு குடும்பத்துக்குப் போதாமல் ஆனபோது, இவர் தன் பாட்டை ஊர் அறியத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியுடன் ஆரம்பாக்கத்துக்குக் குடி வந்துவிட்டார். இனி அந்தத் தண்ணீரில் அவருக்கு உரிமை இல்லை. ஆலையில் பர்மனென்ட் ஆவது ஒன்றுதான் பாக்கி.

முதல் தடவை அவர் அட்டையில் நான் கோடு போட்ட மறுநாள் ஜன்னலுக்கு வந்தார். கோபம் இல்லை. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தவரின் முகம். "நடுவுல ரெண்டு நாளு ஜொரம்னு வராம பூட்டேன் இல்ல சார், அதுக்குத் தான? நம்ம பாட்ட நாம்பளே வுட்டா யார இன்னா கேக்கறது!" என்றார். ஏரியின் நியாயத்தை அப்படியே ஆலைக்கும் போட்டுப் பார்த்துவிட்டார். வராதவன் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். பின்னால் அதிகாரியின் அறைக் கதவு திறந்திருந்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து பொய் சொல்லவில்லை என்று அன்று அறைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புது அட்டை வாங்கிய வாரம் ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணி இறால் குழம்பு வைத்திருந்தார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கயிறு தொங்கியது. அதில் ஆறு மண்குண்டுகள் கோத்திருந்தன. வேலைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்றார். அண்ணி சிரித்துக்கொண்டே, "சோறு துன்றாரோ இல்லியோ, ஊட்டுக்கு வந்ததும் மொதல்ல குண்டு கோக்கணும். காலைல கண்ண முழிச்சா அத்தத்தான் தடவிப் பாக்கறாரு" என்றார். இருநூற்று நாற்பது ஆனதும் இறக்கி ஒரு வலைக்குக் கட்டித் தம்பிக்குக் கொடுக்கப்போவதாக அண்ணன் சொன்னார். நான் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள், வாங்கிக்கொண்டேன்.

அந்த முறை அவர் ஒரு நாளும் தவறவில்லை. கம்பி உரசிப் பாதம் வெந்துபோனபோது ஈரத்துணி சுற்றிக்கொண்டு, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் துணியுமாக வந்து நின்றார். மழைக்காலத்தில் ரயில் வராத அன்று தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்தார். நூற்று எண்பது நாள் தாண்டியிருக்கும், ஒரு புதன்கிழமை அம்மாவுக்கு முடியவில்லை, உடனே வா என்று குப்பத்திலிருந்து அவர் தம்பி ஆள் அனுப்பினார். வியாழக்கிழமை காலை ஜன்னலில் அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "போகலையாண்ணே?" என்றேன். "ஞாயித்துக்கெழம போறேன் சார். நாலு நாள்ல இன்னா ஆயிடப் போவுது? பாடு போச்சின்னா திரும்பி வராது. அம்மாவுக்குத் தெரியும் அது" என்றார். போங்கள், போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதுமாயிருந்தது. அவருக்குப் பின்னால் எட்டுப் பேர் அட்டையோடு நின்றார்கள். முத்திரை குத்தினேன்.

திங்கட்கிழமை மொட்டைத் தலையும் மீசையில்லாத முகமுமாக வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. வெள்ளிக்கிழமையே அம்மா போய்விட்டார். இவர் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வாரம் என்னால் சாப்பிட முடியவில்லை. அடுத்த ஞாயிறு ஆரம்பாக்கம் போனேன். வேலை போனாலும் போகட்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டைப் பற்றி, பத்து நாளைப் பற்றி, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதைப் பற்றி. நூறு நாள் வந்தாலும் ஆயிரம் நாள் வந்தாலும் அந்த எண்ணிக்கை முடியாது என்றேன். யூனியனில் போய்ச் சொல்லலாம், சண்டை போடலாம் என்றும் சொன்னேன். அவர் ஆணியில் தொங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னிக்குக் கேட்டேனே, தல ஆட்னியே சார்" என்றார். பிறகு, "அப்போ எங்கம்மாவப் பாக்கப் போயிருக்கலாம்" என்றார்.

உண்மையைச் சொன்னால் மனிதன் நிமிர்ந்து நிற்பான் என்று நான் நம்பியிருந்தேன். கோபம் வரும், அந்தக் கோபம் அவரை இன்னும் வேகமாக நடக்க வைக்கும் என்று நினைத்தேன். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அண்ணி ஆலை வாசலுக்கு வந்தார். காவலாளி தடுத்தும் நிற்காமல் என் ஜன்னலுக்கே வந்துவிட்டார். "எழுந்துக்கவே மாட்றாரு. செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு கீறாரு. சோத்த வெச்சா துன்றாரு, வெக்கலன்னா கேக்கறதில்ல. ஒண்ணர வருசமா பொய்யின்னாலும் அத்த வெச்சிக்கினு தானே எழுந்து நடமாடினு இருந்த மனுசன்? ஒனக்கு மனசு உறுத்துச்சின்னு ஓடியாந்து சொல்ட்ட. இப்போ ஒனக்கு நிம்மதியாப் பூட்ச்சா?" என்றார். முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கயிற்றை எடுத்து, "இந்தா, நீயே எண்ணிக்க" என்று ஜன்னல் வழியே வீசினார். கயிறு அறுந்தது. குண்டுகள் தரையெல்லாம் உருண்டன.

எல்லோரும் போன பிறகு முட்டி போட்டுப் பொறுக்கினேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இருந்தன. அவர் அட்டையை எடுத்துப் பார்த்தேன், நூற்றுத் தொண்ணூற்று மூன்று நாள். எவ்வளவு தேடியும் அந்த ஒன்று கிடைக்கவில்லை. கிடைத்தவற்றைப் புதுக்கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு போனபோது ஆரம்பாக்கத்து வீடு பூட்டியிருந்தது. குப்பத்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் எங்கள் ஆலையில் இருந்தார், அவரிடம் கயிற்றைக் கொடுத்தனுப்பினேன். நானே போயிருக்கலாம். பொன்னேரி போய் பஸ் மாறினால் பழவேற்காடு ஒன்றும் தூரமில்லை. போகவில்லை. பாடு இல்லாதவர் என்பதால் படகில் யாரும் ஏற்றுவதில்லை, கேட்கவும் அவர் கேட்பதில்லை, கரையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்த ஆள் சொன்னார். இரண்டாவது மழைக்காலத்தில், அவர் இறந்துபோனார் என்றும் அதே ஆள்தான் சொன்னார். நான் அன்று மூன்று அட்டைகளில் கோடு போட்டேன். ஆமாம், அதற்குப் பிறகும் பல வருஷம் போட்டேன். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்னை நாற்காலியிலிருந்து யாரும் எழுப்பவில்லை, படிப்படியாக உயர்த்தினார்கள்.

அட்டை அலமாரியை இடம் மாற்றியபோது அதன் அடியில் இந்தக் குண்டு கிடைத்தது. அப்போது திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

ஊக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தலையை ஆட்டியது தவறு என்று தெரியும். ஆட்டிய பிறகு போய்ச் சொன்னது தவறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைத் தெரிந்துகொள்ளாதவன் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்று என்ன சொல்வான்? வர இயலாது என்று எழுதி உறையை ஒட்டிவிட்டேன். தபாலில் சேர்க்க எடுக்கும்போது குண்டை நகர்த்த வேண்டியிருந்தது, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருடைய கயிற்றில் ஒரு நாள் குறைகிறது. எந்த நாள் என்று மண்ணில் எழுதியில்லை. அந்த வியாழக்கிழமைதான் என்று நானாக முடிவு செய்து வைத்திருக்கிறேன், அம்மாவைப் பார்க்க அவர் போயிருக்க வேண்டிய நாள்.