ஏழாம் தட்டுக் கல்

சுகிர்தாவுக்கு உலகமே எச்சில். தீவிலிருந்து சென்னை போகும் கப்பலில் கேன்டீன் தட்டைத் தொடமாட்டாள். கரை சேரும்வரை வாழைப்பழம்தான். டெய்ரி ஃபார்ம் ஏரியாவிலிருந்த வீட்டுக்கு விருந்தாளி வந்துபோனால், அவர் குடித்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் மூச்சே விடுவாள். கல்லுக்கு வாய் கிடையாதே என்று நம்பி நிலவியலில் சேர்ந்தாள், பாவம்.

கடைசி வருஷ பிராக்டிகல். தேறினால்தான் மெயின்லேண்டில் எம்.எஸ்சி. சீட். மேஜையில் தட்டுக்கு ஒரு கல். பெயரும் இனமும் எழுத வேண்டும். கனிமத்தை இனம் பிரிக்க இரண்டே கேள்வி: உள்ளே என்ன சரக்கு, அது எப்படி அடுக்கியிருக்கிறது. ஏழாம் தட்டில் கண்ணாடிபோல ஒன்று. உப்புக்கல் என்றால் ஹாலைடு இனம். கால்சைட் என்றால் கார்பனேட். ஒரு சொட்டு அமிலம் விட்டால் கால்சைட் பொங்கும். அமிலமோ இன்னும் கப்பலே ஏறவில்லை. ஆகவே பிள்ளைகள் நக்கினார்கள்.

முன்னால் நின்ற பக்கிரிசாமி, வாயிலிருந்த பீடாவைக் கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, கல்லைக் குச்சி ஐஸ்போல ஒரு இழு இழுத்தான்.

"உப்புதான். அரே, நீயும் ஒரு நக்கு நக்கிட்டுப் போ. குச் நஹீ ஹோகா, ஒண்ணும் ஆகாது!"

கல்லில் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது.

சுகிர்தா கைக்குட்டையை நாலாக மடித்தாள். அதால் பிடித்துக் கல்லைத் தூக்கினாள். உப்பு உடைந்தால் லூடோ பகடை மாதிரி நேர்ச்சதுரம். இதுவோ யாரோ மிதித்த தீப்பெட்டிபோலச் சாய்ந்திருந்தது. தட்டு எண் எழுதிய சீட்டின்மேல் வைத்தாள். கல் வழியே பார்த்தால் ஒரு ஏழு இரண்டு ஏழானது; உப்பு இப்படி இரட்டையாகக் காட்டாது. கால்சைட் என்று எழுதினாள்.

எக்ஸாமினர் ஸ்ரீநிவாஸ் விடைத்தாளைப் பார்த்து முகம் சுளித்தார். "எல்லாரும் உப்புன்னு எழுதியிருக்காங்க. நீ நக்கிப் பார்த்தியாம்மா?"

"நக்கமாட்டேன் சார். கல் வழியா ரெண்டு ஏழு தெரியுது, நீங்களே பாருங்க."

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தார். கடைசியில் அவரும் நாக்கை நீட்டினார். "கரிக்குதே!" என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

லேப் அட்டெண்டர் முத்துகிருஷ்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "பாப்பா எழுதினதுதான் சார் சரி. பழைய உப்புக்கல் இந்த ஊர் ஈரத்துல கரைஞ்சே போச்சு. இல்லைன்னு சொன்னா மேல திட்டுவாங்க. அதான் கால்சைட்டை உப்புத் தண்ணியில ஊறப்போட்டு வச்சேன்."

"என்ன தண்ணி?"

"கருவாடு அலசினது, சார். வீணாக்குவானேன்?"

ஸ்ரீநிவாஸ் வாஷ்பேசினுக்கு ஓடினார். அங்கே பக்கிரிசாமி ஏற்கெனவே குனிந்திருந்தான்.

திரும்பி வந்தவர், விஷயம் வெளியே போகக்கூடாதென்று ஏழாம் தட்டுக்கு எல்லாருக்கும் முழு மார்க் போட்டார். நக்கினவனுக்கும் நக்காதவளுக்கும் ஒரே மார்க். சுகிர்தாவின் சீட் உறுதியானது. கை கழுவத்தான் இடமில்லை, பேசின் இருந்த லட்சணம் அப்படி.

முத்துகிருஷ்ணன் கல்லைத் துடைக்காமலே, அடுத்த பேட்ச்சுக்காக பீரோவில் வைத்துப் பூட்டினார்.